லினக்ஸில் ‘நிறுவ இயலாது’ என்று வந்தால் அவசரப்பட வேண்டாம்

ஜொகூர் பாரு - விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு, உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் ஒரு நல்ல மாற்று.

இதில் இன்னொரு பயனும் உண்டு. தரவு மையங்களின் சர்வர்களில் பரவலாக ஓடுவது லினக்ஸ்தான். கூலாய், நூசாஜெயா வட்டாரங்களில் தரவு மையங்கள் பெருகிவரும் வேளையில், அங்கு வேலை தேடும் நம் இளையோருக்கு வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியே பயிற்சிக்கூடமாகும்.

ஆனால், புதியவர்களை முதலில் தடுமாற வைப்பது ஒரு பிழைச்செய்தி: “இம்மென்பொருளுக்கு இன்ன நூலகம் தேவை, அதை நிறுவ இயலாது.”

இங்கே நூலகம் என்பது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. ஆலய மண்டபத்தின் பெரிய அண்டாவைப் பல குடும்பங்கள் விசேஷங்களுக்கு எடுத்துப் பயன்படுத்துவது போன்றது இது. பழைய அண்டாவை மாற்றிப் புதியது வாங்கினால், பழைய மூடி பொருந்தாமல் போகலாம்.

2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04-இல் இதுதான் நடந்தது. இணையப் பாதுகாப்புக்கான ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகம் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. 1.1 பதிப்பை நம்பியிருந்த மென்பொருள்கள் நிறுவ மறுத்தன. பலர் பழைய நூலகத்தைத் தேடிப்பிடித்துத் தாங்களே பொருத்தினர். அந்தப் பழைய பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால், அது இன்று பாதுகாப்பானதல்ல. மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுவதே சரி.

சிக்கல் வந்தால் செய்ய வேண்டியவை (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்):

1. பிழைச்செய்தியில் உள்ள நூலகத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்து மென்பொருள் பட்டியலைப் புதுப்பியுங்கள். பட்டியல் பழையதாக இருந்தால் இதிலேயே சிக்கல் தீரக்கூடும்.

3. நிறுவல் பாதியில் நின்றிருந்தால் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ கொடுங்கள்.

4. வெளியார் களஞ்சியம் எதையாவது சேர்த்திருந்தால் அதைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். உங்கள் உபுண்டு பதிப்புக்குப் பொருந்தாத களஞ்சியம் அடிக்கடி காணப்படும் காரணம்.

5. அப்படியும் முடியாவிட்டால் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் வடிவில் அதே மென்பொருள் உள்ளதா என்று பாருங்கள். இவை சொந்தப் பாத்திரங்களோடு வருபவை. இடம் கூடுதலாகப் பிடித்தாலும் மோதல் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சரிசெய்யும் முன் ‘இவை நீக்கப்படும்’ என்று திரையில் வரும் பட்டியல். 2021-இல், கனடாவின் புகழ்பெற்ற யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். நூலகப் பதிப்புகள் பொருந்தாததால், முகப்புத்திரையையே நீக்கப்போவதாகக் கணினி எச்சரித்தது. “ஆம், நான் சொல்வதைச் செய்” என்று அவர் தட்டச்சு செய்ததும் முகப்புத்திரை காணாமல் போனது. கணினித் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கே இந்த நிலை.

எனவே, நீக்கப் பட்டியலில் ‘டெஸ்க்டாப்’ என்ற சொல்லோ, அறிமுகமில்லாத பெயர்கள் வரிசையாகவோ தென்பட்டால் ‘வேண்டாம்’ என்று பதிலளித்து நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களும் குடும்பப் படங்களும் அதே கணினியில் இருந்தால், பழுதுபார்க்கத் தொடங்கும் முன் அவற்றை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது நல்லது.