வெயிலை விற்க வருகிறார்கள், உஷார்!

"அண்ணாச்சி, உங்க தரிசு நிலத்தை சோலார் கம்பெனி குத்தகைக்குக் கேக்குது. ஏக்கருக்கு வருஷா வருஷம் பணம். பதிவுக் கட்டணம் மட்டும் இன்னைக்கே போட்டுவிட்டுருங்க." எம்.ரெட்டியபட்டிப் பக்கம் இப்படி ஒரு போன் வந்தால், அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். போனை வையுங்கள்.

முழுப் பொய்யென்றால் நம் ஆட்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதில் முக்கால்வாசி உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. பக்கத்துக் கமுதியில் 2016-ல் அதானி நிறுவனம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் திறந்தது. சுமார் 2,500 ஏக்கர் கரிசல், பார்க்கும் தூரமெல்லாம் பேனல். அதைக் கண்ணால் கண்டவர், "நம்ம காட்டுக்கும் வரும்" என்று நினைப்பதில் தப்பில்லை. பி.எம். குசும் என்ற மத்திய அரசுத் திட்டமும் நிஜம்தான். தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின்நிலையம் வைக்க அதில் ஒரு பிரிவே இருக்கிறது.

ஆனால் கமுதிக் கணக்கை வகுத்துப் பாருங்கள். மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர் வருகிறது. நிஜமாக நிலம் தேடி வருபவன் முதலில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்பான், துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பான். மூன்று துண்டாகக் கிடக்கிற ஒன்றரை ஏக்கருக்கு அலைய மாட்டான். எடுத்த எடுப்பில் ஆதார் நகலும் ஓடிபியும் கேட்பவனுக்கு உங்கள் நிலத்தின் மேல் அக்கறையே கிடையாது. இன்னொரு ரகம் நேரிலேயே வரும். குத்தகைப் பத்திரம் என்று சொல்லிப் பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். குத்தகை வேறு, பவர் வேறு. பவர் கொடுத்தால் அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து அவன் உங்கள் நிலத்தை விற்கவே முடியும்.

மோட்டார் பம்புசெட் மானியத்திலும் இதே கதை. குசும் பெயரில் போலி இணையதளங்கள் பணம் பறிக்கின்றன என்று மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் சூரிய பம்புசெட்டுக்குப் போக வேண்டிய இடம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம். வீட்டுக் கூரைக்கான பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது பேனல் மாட்டி, மீட்டர் வைத்து, சோதனை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது. மானியத்தை வாங்கித் தர முன்பணம் கேட்டால் அது திருட்டு, வேறு பேச்சே வேண்டாம்.

இதெல்லாம் சில்லறைத் திருட்டு. என்னைக் கவலைப்படுத்துவது, "ஆராய்ச்சி" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவன். ஐஐடி டெக்னாலஜி, யுனிவர்சிட்டி டெஸ்ட் பண்ணது என்பான். வழவழத் தாளில் கலர் கலராக வரைபடம் காட்டுவான். ஆய்வுக்கூடத்து எண் பொய்யாகவே இருக்காது. அதை உங்கள் வருமான எண்ணாக மாற்றிச் சொல்கிற இடத்தில்தான் சூழ்ச்சி.

பேனலையே எடுத்துக்கொள்வோம். "உங்க ஊரு வெயிலுக்குக் கரண்ட் கொட்டும்" என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 540 வாட் என்று பின்னால் ஒட்டியிருப்பது 25 டிகிரி வெப்பநிலையில் வைத்துச் சோதித்த கணக்கு. நம் சித்திரை மத்தியானத்தில் பேனல் 65 டிகிரிக்குச் சுடும். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 100-க்கு 0.35 போல உற்பத்தி குறைந்தால், 540 வாட் 460 பக்கம் வந்து நிற்கும். அதன்மேல் மழையில்லாத மாசக்கணக்கில் படிகிற கரிசல் தூசி வேறு.

அடுத்தது மிளகாய் வத்தல் காயப்போடும் சூரிய கூடாரம். நல்ல சாதனம், நான் குறை சொல்லவில்லை. ரோட்டில் கொட்டி லாரிப் புழுதியோடு காயவைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் "500 கிலோ கொள்ளளவு" என்றால் எது 500 கிலோ, பழமா வத்தலா? 100 கிலோ பழம் காய்ந்தால் 25 முதல் 30 கிலோ வத்தல்தான் மிஞ்சும். திட்ட அறிக்கையில் வருஷத்துக்கு 300 நாள் ஓடும் என்று போட்டிருப்பான். நம் மானாவாரி மிளகாய் தையில் தொடங்கிப் பங்குனி, சித்திரையோடு முடிந்துவிடும். மிச்ச மாசம் கூடாரத்துக்குள் எதைக் காயப்போடுவது? வட்டி மட்டும் பன்னிரண்டு மாசமும் ஓடும்.

வேலிக்கருவையில் கரண்ட் எடுக்கும் கேசிஃபயர் என்றும் ஒருவன் வருவான். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அதுவும் நன்றாகக் காய்ந்து, சின்னத் துண்டாக இருக்க வேண்டும். ஈரமிருந்தால் தார் கக்கி இன்ஜினை அடைத்துவிடும். "விறகு சும்மா கிடைக்குதே" என்பான். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் விலையைக் கேட்டுப் பாருங்கள், சும்மாவா என்று தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது, "எரிகட்டி (பிரிக்கெட்) மெஷினை நீங்க வாங்குங்க, செய்யுற கட்டியை நாங்களே எடுத்துக்குறோம்" என்கிற பேச்சு. பெருந்துறை ஈமு கோழி மோசடி ஞாபகம் இருக்கிறதா? குஞ்சும் தருகிறோம், தீவனமும் தருகிறோம், மாசாமாசம் பணமும் தருகிறோம் என்றார்கள்; 2012-ல் எல்லாம் கவிழ்ந்தது. இன்று கோழிக்குப் பதில் மெஷின். 2013-ல் கேரளத்தைக் கலக்கிய டீம் சோலார் மோசடியும் பசுமை மின்சாரத்தின் பெயரில்தான் நடந்தது. அதன் முக்கியப் புள்ளிகள் அதற்கு முன்பே கோவையில் காற்றாலை பெயரில் பணம் வாங்கியவர்கள். அந்தக் கோவை வழக்கில் 2019-ல்தான் மூன்றாண்டுச் சிறைத் தீர்ப்பு வந்தது.

கடனோடு மானியமும் கையில் தருகிறேன் என்பவனிடமும் கவனம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருஷம் பூட்டியிருந்து, தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்கலாம்.

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு பஸ் ஏறுங்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோட்டீஸைக் காட்டி, இது எங்கே விசாரிக்க வேண்டிய விஷயம் என்று கேளுங்கள். விற்பவனிடம், இரண்டு வருஷமாக ஓடுகிற ஒரு மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். அதன் சொந்தக்காரரிடம், விற்பவன் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

பணம் போய்விட்டதா? 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் போடுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று நாலு நாள் மறைத்து வைத்தால், அதற்குள் பணம் நாலு கணக்குத் தாண்டி ஏதோ ஒரு ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும்.