சூயஸ் போரை நிறுத்திய டாலர்

1956 நவம்பர் 6 காலையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் துருப்புகள் கடல்வழியாக எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் இறங்கின. அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். இத்தனைக்கும் களத்தில் அவர்களுக்குத் தோல்வி இல்லை. கால்வாய்க் கரையோடு தெற்கே எல் கேப் வரை போய்விட்டிருந்தார்கள். அணுகுண்டும் ஐநா பாதுகாப்பு அவையில் வீட்டோவும் வைத்திருந்த பிரிட்டனைத் தடுத்து நிறுத்தியது அதன் நெருங்கிய கூட்டாளியான அமெரிக்கா. அதற்கு ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

பின்னணி இதுதான். 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயில் எகிப்து மன்னருக்கு இருந்த 44 சதவீதப் பங்குகளை 1875இல் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது பிரிட்டன். கால்வாய் ஓடியது எகிப்து மண்ணில். அதை நடத்திய கம்பெனியின் தலைமையகம் இருந்தது பாரிஸில். எகிப்து கட்டவிருந்த அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன நிதியை 1956 ஜூலை 19 அன்று அமெரிக்கா திரும்பப் பெற்றது, பிரிட்டனும் பின்வாங்கியது. ஒரே வாரத்தில், ஜூலை 26 அன்று, அலெக்சாந்திரியா பொதுக்கூட்டத்தில் கால்வாய் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார் அதிபர் நாசர். பங்குதாரர்களுக்கு இழப்பீடு உண்டு என்றும் அறிவித்தார். எகிப்தியர்களுக்குக் கால்வாயை நடத்தத் தெரியாது என்று ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். செப்டம்பர் நடுவில் வெளிநாட்டு பைலட்டுகளில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் வேலையை விட்டுப் போனார்கள். எகிப்திய, கிரேக்க பைலட்டுகள் கூடுதல் நேரம் உழைத்தார்கள். கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை. போருக்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம் அத்தோடு பொய்த்துவிட்டது.

அப்படியும் போர் வந்தது, அதுவும் நாடகம் போட்டு. அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸை அடுத்த செவ்ர் நகரில் ஒரு வீட்டில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் பிரதிநிதிகள் ரகசியமாகக் கூடினார்கள். இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்குள் நுழையும். சண்டையை விலக்கிவிடுவதுபோல மற்ற இருவரும் கால்வாயில் இறங்குவார்கள். இதுதான் திட்டம். இதை எழுத்தில் வடித்துக் கையெழுத்தும் போட்டார்கள். செய்தி கேட்டு அதிர்ந்த பிரிட்டிஷ் பிரதமர் ஆன்டனி ஈடன், பிரதிகளை அழிக்கச் சொல்லி அதிகாரிகளை மறுபடி பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். லண்டன் பிரதி அழிக்கப்பட்டது; இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் கொண்டுபோன பிரதி பத்திரமாக இருந்தது. அந்த டிசம்பரில் ஈடன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இஸ்ரேல் தாக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்றார். அது பச்சைப் பொய்.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் நுழைந்தது. மறுநாள் பிரிட்டனும் பிரான்ஸும் விதித்த கெடுவைப் படித்தாலே சூது விளங்கும். இரு தரப்பும் கால்வாயிலிருந்து 10 மைல் விலக வேண்டுமாம். இஸ்ரேல் படை அப்போது கால்வாயை நெருங்கவே இல்லை. ஆக, தாக்கப்பட்ட எகிப்துதான் தன் சொந்த மண்ணில் பின்வாங்க வேண்டும்; தாக்கியவர் முன்னேறலாம்! நாசர் மறுத்தார், குண்டுவீச்சு தொடங்கியது. போர்ட் சயீதில் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றி வாஷிங்டனிடம் மூச்சுகூட விடவில்லை. அதிபர் ஐசன்ஹோவர் தேர்தலை எதிர்கொண்டிருந்தார். வாக்குப்பதிவும் நவம்பர் 6 தான். நவம்பர் 4 அன்று ஹங்கேரியில் எழுந்த மக்கள் கிளர்ச்சியை ஒடுக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தபோது, உலகத்தின் கண்கள் பாதி எகிப்தின் மேல் இருந்தன. ஹங்கேரி மக்களுக்கு நேர்ந்த பெரிய அநியாயம் அது. சூயஸை உடனே கண்டித்த நேருவும் ஹங்கேரி விஷயத்தில் தயங்கினார். அதற்காக நம் நாட்டிலேயே விமர்சனத்துக்கு ஆளானார்.

பிரிட்டனின் உயிர்நாடி பவுண்டில் இருந்தது. ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்று மதிப்பு கட்டப்பட்டிருந்த காலம். யார் பவுண்டை விற்றாலும், அந்த மதிப்பைக் காக்க பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் கையிருப்பு டாலரைக் கொடுத்து வாங்கியாக வேண்டும். இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணியைப் பவுண்டாகவே லண்டனில் வைத்திருந்தன. நம் ரூபாயும் பவுண்டோடு பிணைக்கப்பட்டதுதான். பவுண்டு சரிந்தால் இந்த ஏற்பாடே ஆட்டம் காணும். கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை எகிப்து அடைத்தது. ஈராக் எண்ணெய் வந்த குழாயின் உந்து நிலையங்கள் சிரியாவில் தகர்க்கப்பட்டன. இனி எண்ணெயை டாலர் கொடுத்து வாங்க வேண்டிய நிலை. நவம்பரில் மட்டும் பிரிட்டனின் கையிருப்பில் சுமார் 28 கோடி டாலர் கரைந்தது.

பன்னாட்டு நாணய நிதியத்தில் பணம் எடுக்கலாமென்றால், அமெரிக்கா தலையசைக்க வேண்டும். படை விலகும்வரை பணம் இல்லை என்றது வாஷிங்டன். பிரான்ஸ் விவரமாக அக்டோபரிலேயே நிதியத்தில் கடன் ஏற்பாட்டை முடித்து வைத்திருந்தது. பிரிட்டன் அதைச் செய்யவில்லை. போருக்கு முதல் ஆளாகக் கொடி பிடித்த நிதியமைச்சர் மேக்மில்லனே, நவம்பர் 6 அமைச்சரவைக் கூட்டத்தில் இனித் தாங்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய நாள் சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட் மிரட்டல் விடுத்திருந்தார். அந்த மிரட்டலால்தான் போர் நின்றது என்று அரபு நாடுகளில் பலர் நம்பினார்கள். கணக்கைப் பார்த்தால், பணமே தீர்மானித்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

துருப்புகளைத் திரும்பப் பெறுவதாக பிரிட்டன் ஒப்புக்கொண்ட பிறகு, டிசம்பர் 10 அன்று நிதியம் 56 கோடி டாலருக்கு மேல் உடனே கொடுத்தது; மேலும் 73 கோடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. கடைசிப் படையினர் டிசம்பர் 22 அன்று கப்பலேறினார்கள். இந்திய வீரர்களும் இடம்பெற்ற ஐநா அமைதிப்படை அங்கே நின்றது. 1957 ஜனவரி 9 அன்று ஈடன் பதவி விலகினார். அமெரிக்காவை நம்பி இருக்கக் கூடாது என்று முடிவெடுத்த பிரான்ஸ், 1960இல் சொந்த அணுகுண்டை வெடித்தது. அஸ்வான் அணைக்குப் பணம் மாஸ்கோவிலிருந்து வந்தது.

போரைக் கைவிட்டுக் காப்பாற்றிய அந்த 2.80 டாலர் மதிப்பும் நிலைக்கவில்லை. 1967 நவம்பரில் பவுண்டை 2.40 டாலருக்கு இறக்கினார்கள். இரண்டே மாதத்தில், சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து 1971 முடிவுக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரதமர் ஹரால்ட் வில்சன் அறிவித்தார்.