வெற்றிலைத் தட்டமும் வாய்ப்புற்றும்

காங்கேசன்துறையில் விருந்தினர்க்கு வெற்றிலைத் தட்டம் நீட்டுவது முன்னோர் வகுத்த மரபு. அதனை நானும் போற்றுகிறேன். ஆயினும் தட்டத்தில் உள்ளவற்றை இன்று ஆராய்தல் வேண்டும். புகையிலையே தீது, பாக்கினால் கேடில்லை என்பார் பலர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமோ, பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமே என 2003இல் அறுதியிட்டது.

இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றே. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலால் பலர் காலந்தாழ்த்தியே வைத்தியரை நாடுகின்றனர். வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்கையில் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதித்தல் ஆகாது. அண்மையிலுள்ள தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் இல்லத்து முதியோர் வாயை மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தட்டம் இருக்கட்டும், அதில் பூவும் கற்கண்டும் வைப்போம். உபசாரம் குன்றாது, உயிரும் காக்கப்படும்.