நாலு உயிர் ஏன் இல்லை?

பெங்களூரு டவுன் ஹால் பக்கம், எஸ்.பி. ரோட்டில் மின்னணுச் சாமான் தேடி அலைந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு குட்டிப் பெட்டி, அதில் அரிசி மணி அளவு வெள்ளைக் குமிழ்கள் எட்டு. பெயர் டிப் சுவிட்ச்.

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் இயந்திரங்களின் அமைப்பு விவரம் இதில்தான் இருக்கும். 1980-இல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனில் ஒரு காசுக்கு எத்தனை ஆட்டம், ஆடுபவருக்கு எத்தனை உயிர் என்பதெல்லாம் கடைக்காரர் கைவண்ணம். உயிர் ஒன்று, இரண்டு, மூன்று, இல்லாவிட்டால் ஐந்து. நாலு கிடையாது! உயிருக்கென்று ஒதுக்கியது இரண்டே சுவிட்ச். அதில் நாலு தேர்வுக்கு மேல் அடங்காது.

அந்த இயந்திரத்தின் இசட்-80 செயலி சுவிட்சுகளைப் படிக்கும் விதமும் தலைகீழ்தான். சுவிட்ச் ஆன் என்றால் பூஜ்யம், ஆஃப் என்றால் ஒன்று. காசுக்கான முதல் இரண்டையும் ஆன் செய்தால் காசே போடாமல் ஆடலாம். எந்தக் கடைக்காரர் விடுவார்?

இப்போது அதே ஆட்டங்களை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையில் ஆடுகிறார்கள். அங்கே பலகையின் அமைப்பு விவரம் இருப்பது சுவிட்சில் அல்ல, மெமரி கார்டில் 'கான்ஃபிக்' என்றொரு எழுத்துக் கோப்பில். மின்சாரம் வந்ததும், முக்கியச் செயலி விழிக்கும் முன்பே வரைகலைச் செயலி அதைப் படித்துவிடும். அதனால், திருத்தினால் அணைத்துப் போட்டாக வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி இருந்தால் அந்த வரி கணக்கில் வராது. திருத்தியும் திரை அமைப்பு மாறவில்லையே என்று பலகையைத் திட்டுமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.