பையில் போவது வெறும் தண்ணீர் அல்ல: உஷார்!

வெள்ளவத்தை மாடி வீட்டிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ உங்களுக்குத் தெரிந்த யாராவது குடல் ஒப்பரேஷன் முடிந்து வயிற்றில் பையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாரா? இதை இன்றைக்கே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பை கழன்றுவிடுமோ, மணக்குமோ, கோயிலுக்குப் போகலாமோ என்றுதான் வீடே கவலைப்படும். ஆளைச் சாய்க்கும் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உடம்பிலுள்ள உப்பும் நீரும் சத்தமில்லாமல் அந்தப் பைக்குள் வடிந்துபோகின்றன. சிறுகுடலை வெளியே எடுத்துப் பை வைத்தவர்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களுக்குள் மறுபடி வார்ட்டில் படுப்பதற்கு உலகெங்கும் முதன்மையான காரணம் இந்த நீரிழப்புத்தான். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும்.

ஒட்டும் பை புதிய சங்கதி அல்ல. 1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற தாதி, வெளியே தலைகாட்டவே பயந்திருந்த தன் சகோதரிக்காக யோசித்த யோசனை அது. எழுபது வருடத்தில் பை எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. உப்புக் கணக்கு மட்டும் இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "பை வைச்சிருக்கு" என்றால் போதாது, எந்தக் குடலில் வைத்திருக்கிறது? சிறுகுடல் என்றால் இலியோஸ்டமி, பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். பெருங்குடல் என்றால் கொலொஸ்டமி, பெரும்பாலும் இடது பக்கம். டயக்னோசிஸ் காட்டில் எழுதியிருக்கும். விளங்காவிட்டால் கிளினிக்கில் மிஸ்ஸிடம் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். நான் பெரும்பாலும் பேசுவது இலியோஸ்டமிக்காரரைப் பற்றி. மலக்குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்து, உள்ளே தைத்த இணைப்பு ஆறும்வரை தற்காலிகமாக வைப்பது அநேகமாக இதைத்தான். "சில மாதத்தில் மூடிவிடுவார்கள்தானே" என்று அசட்டையாக இருப்பவர்கள் அகப்படுவது அந்தச் சில மாதத்துக்குள்தான்.

பெருங்குடல் ஒவ்வொரு நாளும் ஒரு லீட்டருக்கு மேற்பட்ட நீரையும் அதிலுள்ள உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இலியோஸ்டமி வைத்ததும் அந்த வேலை நின்றுவிடுகிறது. பையில் விழும் ஒரு லீட்டர் திரவத்தோடு ஏறக்குறைய 6 கிராம் உப்பு போய்விடும். உடம்பு பழகிய பிறகு நாளுக்கு 500 முதல் 800 மில்லிலீட்டர் வரை, கூழ்ப் பதத்தில் வந்தால் நல்லது. 1,500ஐத் தாண்டி, தண்ணீராக வந்தால் அது ஆபத்து.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்? "அம்மா, நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று மகள் போத்தலை நீட்டுவாள். சந்தியில் தெம்பிலி வெட்டி வரும். பிளேன்ரீ வரும். பாசத்தில் செய்யும் இந்த மூன்றும் நிலைமையை மோசமாக்கும். உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் இறங்கினால், இரத்தத்திலுள்ள உப்பு குடற்சுவர் வழியாக அந்த நீருக்குள் கசியும். இரண்டும் சேர்ந்து பைக்குள் விழும். தாகம் கூடும், இன்னும் குடிப்பார், இன்னும் போகும். தெம்பிலியில் சோடியம் கொஞ்சம், பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் களைத்திருக்கும்போது அந்தப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். சோடாவும் இனிப்பு ஜூஸும் இன்னும் மோசம். சீனி குடலுக்குள் நீரை இழுக்கும்.

கொடுக்க வேண்டியது ஜீவனி என்ற உப்புக் கரைசல் பக்கற். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதியைப் பிரித்து ஒரு கிளாஸில் போடுவது, ருசிக்குச் சீனி சேர்ப்பது, இரண்டும் பிழை. கொதித்தாறிய நீரில் கரைத்து, வாய் வாயாக நாள் முழுக்கக் குடிக்கட்டும். பை தண்ணீராக நிறையும் நாட்களில் வெறும் தண்ணீர், தேத்தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு லீட்டருக்குள் நிற்கட்டும். மிச்சத் தாகத்துக்கு ஜீவனி. அதுவும் போதாவிட்டால் டொக்டர் உப்புக் கூடிய கரைசலுக்கு அளவு சொல்லுவார். இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

இங்கேதான் பிரஷர்க்காரர் மாட்டுகிறார். "பிரஷருக்கு உப்பு கூடாது" என்று பல வருடமாகக் கேட்டுப் பழகிய குடும்பம், ஒப்பரேஷனுக்குப் பிறகும் உப்பில்லாத கஞ்சியையே கொடுக்கும். கூடவே லொசார்டன் குளிசையும், நீர் போகும் குளிசையும் வழமைபோல் உள்ளே போகும். உடம்பு வற்றியிருக்கும் நாளில் இந்தக் குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட நாளில் அடுத்த வேளைக் குளிசைக்கு முன்னரே டொக்டரிடம் பேசுங்கள். மெதுவாகக் கரையும் குளிசை சில வேளை பையில் முழுசாகவே கிடக்கும். கண்டால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது விரதம். ஐப்பசியில் கந்த சஷ்டி வருகிறது. ஆறு நாளும் தண்ணீரோடு இருப்பேன் என்று அடம்பிடிக்கும் அம்மாக்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். சாப்பிடாவிட்டாலும் குடல் தன் நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், உப்பு போய்க்கொண்டே இருக்கும். முருகன் கோபிக்க மாட்டார், அம்மா. இந்த வருடம் விடுங்கள். கலியாண வீட்டுக்குப் போக வேண்டும், பை ஊதித் தெரியக் கூடாது என்று முதல் நாளே பட்டினி கிடப்பதும் இதே ஆபத்துத்தான்.

பையில் ஒன்றும் இறங்காமல், வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். "பேதிக்குக் குடித்தால் சரிவரும்" என்று ஆமணக்கெண்ணெய் எடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. முதல் ஆறு வாரத்துக்குத் தேங்காய்ச் சொட்டு, சோளம், காளான், அன்னாசி, பலாக்காய், கீரைத்தண்டு, காலிமுகத்திடல் கச்சான் சரை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். வெளியே தெரியும் குடல் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள்.

தோலில் எண்ணெய், பவுடர், டெட்டோல் எதுவும் பூச வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் பை ஏற்கனவே சீக்கிரம் கழலும். முதல் இரண்டு மாதத்தில் குடல் வாய் சுருங்கிக்கொண்டே வரும், அதனால் கிழமைக்கு ஒருக்கால் அளந்து பையின் ஓட்டையை வெட்டுங்கள். பெரிய ஓட்டை என்றால் கழிவு பட்ட தோல் வெந்துபோகும்.

இன்றைக்கே குளியலறையில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று வையுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அதில் ஊற்றி, அளவைப் பார்த்து, சுவரில் தொங்கும் கலண்டர் தாளில் எழுதுங்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் பொதுக் கழிவறைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு இது சிரமம், தெரியும். மூடி போட்ட ஒரு வாளியை வீட்டுக்குள்ளேயே வைத்தாவது அளக்கத்தான் வேண்டும்.

கூட்டினால் 1,500 தாண்டுகிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது, சலம் குறைந்து கறுத்துப் போகிறது, கால் குறண்டிப் பிடிக்கிறது, பேச்சுத் தடுமாறுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையோ, வெள்ளவத்தைக்குக் கிட்டிய களுபோவில ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள். டயக்னோசிஸ் காட்டைக் கையில் எடுங்கள். உள்ளே போனதும் "இலியோஸ்டமி" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள்; கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்கும்படி கேளுங்கள். நடுச்சாமமானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இலக்கம் 1990.