யாருக்கு யாரைத் தெரியும்?

ஆந்த்ரே பெத்தேய் சந்தன்நகரில் 1934-இல் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. இயற்பியல் படிக்கப் போய் மானிடவியலுக்கு மாறியவர். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கிய 1959-லேயே அங்கே ஆசிரியராகச் சேர்ந்து, பணிக்காலம் முழுக்க அங்கேயே இருந்தார். தஞ்சை மாவட்டத்தில் சமூகவியல் பாடம் எடுக்கும் எனக்கு அவர் நெருக்கமானது, முனைவர் பட்டத்துக்காக எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கினார் என்பதால்.

அந்த ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்தார். அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சற்றுத் தள்ளிச் சேரி. ஒரு காலத்தில் நிலமும் படிப்பும் ஊரில் வைத்ததே சட்டம் என்கிற செல்வாக்கும் அக்ரகாரத்திலேயே குவிந்திருந்தன. 1961-62இல் அவர் பார்த்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் பலர். பஞ்சாயத்துத் தலைவர் பிராமணரல்லாதவர். சாதி ஒருவர் கையில், சொத்து வேறொருவர் கையில், அதிகாரம் இன்னொருவர் கையில் என்று பிரிந்துவரும் கதைதான் 1965-இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற அவருடைய ஆங்கில நூல்.

அதற்கு முந்தைய ஆண்டு சீனிவாசும் அவரும் சேர்ந்து சமூக வலைப்பின்னல் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். இன்ன சாதி, இன்ன ஊர் என்று கட்டம் போட்டுப் பார்த்தால் போதாது. ஒரு ஆளைப் பிடித்து அவருக்கு எங்கெங்கே யார் யாரைத் தெரியும் என்று தொடர்ந்து போனால், உறவுகள் சாதியையும் ஊர் எல்லையையும் தாண்டி ஓடுவது தெரியும் என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் பலத்தில் பெரும்பங்கு, ஊருக்கு வெளியே கட்சிக்காரர்களோடு அவருக்கிருந்த பழக்கம்.

இதை வகுப்பில் புரியவைக்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: “வீட்டில ஒருத்தருக்கு ராத்திரி நெஞ்சுவலி. யாருக்கு போன் போடுவீங்க?” ஒரு பையன் நர்ஸ் அத்தை, வக்கீல் மாமா, கவுன்சிலர், மருந்துக் கடைக்காரர் என்று மளமளவென எழுதினான். பக்கத்தில் இருந்த பெண் ஒரே பெயர் எழுதினாள்: அவள் அப்பா கூலிக்குப் போகிற வயலின் சொந்தக்காரர். படிப்பில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் அவளுடைய அப்பா ஒரு உதவி கேட்டால், அடுத்த அறுவடையில் கூலியை உயர்த்திக் கேட்க வாய் வராது. ஏற்றத்தாழ்வு என்பதை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்தத் தாளில்தான் நான் தெளிவாகப் பார்க்கிறேன்.

பெத்தேய்க்கும் இந்த வலை கட்டுப்பாடு விதித்தது. அக்ரகாரத்து வீட்டில் தங்கியதால் ஊர் அவரைப் பிராமணராகவே நடத்தியது. சேரிக்கு நினைத்தபோது போய்வர முடியவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் நூலில் சேரி தூரத்திலிருந்து பார்த்ததாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அக்ரகாரத்துத் திண்ணையில் கேட்கிற பேச்சு வேறு, சேரியில் கேட்கிற பேச்சு வேறு.

அப்படிப்பட்ட சேரித் தெருக்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். தங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் அந்த நெஞ்சுவலிக் கேள்வியைக் கேட்கக் கிளம்பியபோது, நான் கொடுத்த தாளில் அவர்களாகவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்கள்: “அவர் உதவி செய்தால், பதிலுக்கு என்ன கேட்பார்?”