உங்களுக்குத் தெரியுமா? ஒரே முடி, நான்கு நாடுகள், தீராத மனத்தாங்கல்

பிரிட்டன் என்றாலே லண்டனும் அங்குள்ள பிரதமரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு நாடுகள் சேர்ந்ததுதான் அந்த ஐக்கிய முடியரசு. இந்த நால்வருக்குள் இருக்கும் கோபதாபங்களை அறிந்தால்தான் அங்கே கட்சிகள் எழுவதும் விழுவதும் ஏன் என்று விளங்கும்.

● 650-ல் 543

மக்களவையின் 650 இடங்களில் இங்கிலாந்துக்கு மட்டும் 543. ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. சிறிய மூன்று நாடுகளின் எம்.பி.க்கள் அத்தனை பேரும் கட்சி பார்க்காமல் ஓரணியில் நின்றாலும் 107 ஓட்டுதான். மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இங்கிலாந்தில் இருப்பதால் இந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கையில் எப்போதும் ஜெயிக்கிறவர்களுக்கு, தோற்கிறவர்கள் பேச்சைக் கேட்கும் கடமை கூடுதலாகவே இருக்கிறது. அந்தக் கடமை தவறிய இடங்களே இனி வரும் துணுக்குகளில் பல.

● நொடித்துப்போன கஜானா

1690-களின் கடைசியில், பனாமா கரையில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்து பெரும் பணத்தைக் கொட்டியது. நோயாலும் ஸ்பெயினின் எதிர்ப்பாலும் திட்டம் பாழானது. நாடே நொடித்து நின்ற சில ஆண்டுகளில், 1707 மே 1 அன்று இங்கிலாந்துடன் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. ஈட்டுத்தொகையாக இங்கிலாந்து கொடுத்தது சுமார் 3,98,000 பவுண்டு. அதில் ஒரு பகுதி டேரியனில் பணம் இழந்தவர்களுக்குப் போனது. இணைப்பை எதிர்த்து எடின்பரோ தெருக்களில் கலவரமே நடந்தது. ஆனாலும் சட்டம், திருச்சபை, கல்வி மூன்றையும் ஸ்காட்லாந்து தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அவை தனித்தே இயங்குகின்றன.

● கொடியில் இல்லாத நாடு

யூனியன் ஜாக் கொடியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் சிலுவைகளும் உண்டு. வேல்ஸின் அடையாளம் எதுவும் இல்லை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-லும் 1543-லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்துவிட்டன. முதல் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தில் வேல்ஸின் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

● ஒரு மசோதா, உடைந்த கட்சி

1886-ல், அயர்லாந்து முழுவதும் லண்டன் ஆட்சியில் இருந்தபோது, அதற்குத் தன்னாட்சி தர லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் மசோதா கொண்டுவந்தார். சொந்தக் கட்சியினர் 93 பேர் எதிர்த்து ஓட்டுப் போட, 30 ஓட்டு வித்தியாசத்தில் மசோதா தோற்றது. ஜோசப் சேம்பர்லின் முதலானோர் பிரிந்துபோய் லிபரல் யூனியனிஸ்ட் கட்சியானார்கள். 1912-ல் அது கன்சர்வேடிவ் கட்சியுடன் கலந்தது. அன்று தன்னாட்சி கிடைத்திருந்தால் அயர்லாந்தின் அடுத்த நாற்பது ஆண்டு இவ்வளவு ரத்தம் பார்த்திருக்காது என்று நம்ப இடமுண்டு.

● அயர்லாந்தின் முழக்கம் அடையாறில்

அயர்லாந்தில் பிறந்த ‘ஹோம் ரூல்’ என்ற முழக்கம் சென்னைக்கும் வந்தது. ஐரிஷ் வம்சாவளியினரான அன்னி பெசன்ட் 1916-ல் இங்கே ஹோம் ரூல் லீகைத் தொடங்கினார். 1917-ல் அவரை ஊட்டியில் காவலில் வைத்தது சென்னை அரசாங்கம். எதிர்ப்பு வலுத்து விடுதலையானவர், அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார்.

● அவைக்கே போகாத எம்.பி.

பிரிட்டிஷ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச். ஆண்டு 1918. வெற்றிச் செய்தி வந்தபோது அவர் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தார். அயர்லாந்து விடுதலைக்குப் பாடுபட்ட ஷின் ஃபெயின் கட்சிக்காரர் என்பதால் அவையில் அமரவே இல்லை. அந்தத் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ அக்கட்சி பிடித்தது. நூறு ஆண்டு கடந்தும் கொள்கை மாறவில்லை: 2024-ல் வட அயர்லாந்தில் ஜெயித்த ஷின் ஃபெயின் எம்.பி.க்கள் 7 பேரும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவில்லை, அவையில் அமரவும் இல்லை.

● நீரில் மூழ்கிய கிராமம்

வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்றொரு கிராமம். வெல்ஷ் மொழி பேசுவோர் ஊர். பள்ளிக்கூடம், வழிபாட்டு மன்றம், தபால் நிலையம் எல்லாம் இருந்தன. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று அங்கே அணை கட்ட 1957-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965-ல் ஊர் நீருக்கடியில் போனது. அடுத்த ஆண்டே, 1966 ஜூலையில், கார்மார்தன் இடைத்தேர்தலில் க்வின்ஃபர் எவன்ஸ் ஜெயித்து, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. ஆனார். லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2005-ல். ஒரு சமூகத்தின் பிரதிநிதிகளில் ஒருவர்கூட ‘வேண்டும்’ என்று சொல்லாதபோதும் நடந்த காரியம் இது. வேல்ஸ் அதை இன்னமும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை.

● உண்ணாவிரத அறிவிப்பு தந்த சானல்

வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவோம் என்று 1979-ல் வாக்குறுதி கொடுத்த கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார் க்வின்ஃபர் எவன்ஸ். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே, 1980 செப்டம்பரில் மார்கரெட் தாட்சர் அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

● ஜெயித்தும் தோற்ற வாக்கெடுப்பு

1979 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 51.6% பேர் ‘வேண்டும்’ என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40% பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. கிடைத்ததோ 32.9%. ஓட்டுப் போடாமல் வீட்டிலிருந்தவரும் எதிர்த்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டார். கோபமுற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, லேபர் அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்தது. 311-க்கு 310 என ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. தொடர்ந்து வந்த தேர்தலில் தாட்சர் பிரதமரானார். தேசியக் கட்சியின் 11 இடங்களோ இரண்டாகச் சுருங்கின.

● பாதியிலிருந்து பூஜ்யத்துக்கு

1955 தேர்தலில் கன்சர்வேடிவ் பக்கம் நின்ற ஸ்காட்லாந்து யூனியனிஸ்டுகளும் கூட்டாளிகளும் அங்கே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள். 1997-ல் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் ஓர் இடம்கூட இல்லை. இடையில் நடந்தவை பல. சுரங்கங்களும் உருக்காலைகளும் மூடப்பட்டன. ஏழைக்கும் பணக்காரருக்கும் தலைக்கு ஒரே தொகை என்ற ‘போல் டாக்ஸ்’ வரி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-ல் வந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு ஓராண்டு முன்பே, 1989-ல் திணிக்கப்பட்டது. தங்களைப் பரிசோதனைக்கூடம் ஆக்கினார்கள் என்ற காயம் அங்கே ஆழமாகத் தங்கிவிட்டது.

● 700 ஆண்டு கழித்துத் திரும்பிய கல்

ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய ஸ்கோன் கல்லை 1296-ல் முதலாம் எட்வர்டு லண்டனுக்குக் கொண்டுபோனார். 1950 கிறிஸ்துமஸ் நாளில் கிளாஸ்கோ மாணவர்கள் நால்வர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் புகுந்து அதை எடுத்துவந்தார்கள். சில மாதங்களில் கல் மீண்டும் லண்டன் போனது. முறைப்படி ஸ்காட்லாந்துக்குத் திருப்பித் தந்தது ஜான் மேஜரின் கன்சர்வேடிவ் அரசு, 1996-ல். ஆறு மாதத்தில் வந்த தேர்தலில் அதனால் ஓட்டு விழவில்லை. மக்கள் கேட்டது கல்லை அல்ல, நாடாளுமன்றத்தை.

● 6,721 ஓட்டு

1997 செப்டம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. ஸ்காட்லாந்தில் 74.3% பேர் தனி நாடாளுமன்றத்துக்கு ஆதரவு. ஒரு வாரம் கழித்து வேல்ஸில் நடந்ததிலும் ஆதரவே வென்றது, ஆனால் வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டு. இதே வேல்ஸ் 1979-ல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் நிராகரித்திருந்தது.

● இங்கிலாந்துக்கும் குறை உண்டு

எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் மூன்றிலும் சட்டமன்றம் உண்டு. இங்கிலாந்துக்கென்று ஒன்று கிடையாது. ஸ்காட்லாந்து எம்.பி. இங்கிலாந்தின் பள்ளி, மருத்துவமனை பற்றி ஓட்டுப் போடலாம், இங்கிலாந்து எம்.பி. ஸ்காட்லாந்து விஷயத்தில் போட முடியாது. இது நியாயமா என்று 1977-லேயே கேட்டவர் வெஸ்ட் லோதியன் தொகுதியின் லேபர் எம்.பி. டாம் டியெல். அவரே ஸ்காட்லாந்துக்காரர்தான். 2004-ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா ஐந்தே ஓட்டில் பிழைத்தது, ஸ்காட்லாந்து லேபர் எம்.பி.க்களின் தயவில். அந்தக் கட்டணம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. 2015-ல் இதற்கு மாற்றாக வந்த நடைமுறையும் 2021-ல் கைவிடப்பட்டது.

● வேல்ஸில் ஓடாத ரயிலுக்கு வேல்ஸ் கணக்கு

நிதிப் பங்கீட்டுக்கு 1970-களின் கடைசியில் கருவூலத்துறை அமைச்சர் ஜோயல் பார்னட் போட்ட தற்காலிகச் சூத்திரம் இன்றும் நீடிக்கிறது. அது நியாயமற்றது என்று பின்னாளில் அவரே சொன்னார். இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால் மற்ற மூன்றுக்கும் விகிதப்படி பங்கு போகும். ஆனால் ஹெச்.எஸ்.2 அதிவேக ரயிலை ‘இங்கிலாந்து-வேல்ஸ் திட்டம்’ என்று வகைப்படுத்திவிட்டார்கள். வேல்ஸில் அதற்கு ஓரடி தண்டவாளம்கூட இல்லை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பங்கு உண்டு, வேல்ஸுக்கு இல்லை. கன்சர்வேடிவ் ஆட்சியை இதற்காகக் குறை சொன்ன லேபர், ஆட்சிக்கு வந்தும் வகையை மாற்றவில்லை.

● பத்துப் பேர், நூறு கோடி

2017-ல் பெரும்பான்மை இழந்த பிரதமர் தெரேசா மே, வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சி எம்.பி.க்கள் 10 பேரின் ஆதரவைப் பெற்றார். வட அயர்லாந்துக்குக் கூடுதலாகப் போனது நூறு கோடி பவுண்டு. பார்னட் கணக்கு இங்கே ஏன் பொருந்தவில்லை என்று எடின்பரோவும் கார்டிஃபும் கேட்டன.

● இரண்டு நாடு உள்ளே, இரண்டு நாடு வெளியே

2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்ஸும் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டளித்தன. ஸ்காட்லாந்தில் 62%, வட அயர்லாந்தில் 55.8% பேர் நீடிக்கவே விரும்பினார்கள். மொத்தக் கூட்டலில் அந்தக் குரல்கள் அமுங்கின. பிரெக்ஸிட்டை ஆதரித்த டி.யு.பி.க்கும் நிம்மதி இல்லை: பிரதமர் போரிஸ் ஜான்சன் ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தத்தால், இங்கிலாந்திலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்குச் சோதனை வந்தது.

● ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போட முடியாத மக்கள்

லேபர் கட்சி வட அயர்லாந்தில் வேட்பாளரையே நிறுத்துவதில்லை. லேபர் ஆட்சியில், தங்களை ஆளும் கட்சியை ஆதரிக்கவோ தோற்கடிக்கவோ அங்குள்ள வாக்காளருக்கு வழியில்லை. ஜனநாயகத்தில் இதைவிடப் பெரிய குறை என்ன?

● கோட்டையில் விரிசல்

1922 முதல் 2024 வரை எல்லாப் பொதுத்தேர்தலிலும் வேல்ஸில் அதிக இடம் பிடித்தது லேபர். 2024-ல் கன்சர்வேடிவ்களுக்கு அங்கே ஒரு இடமும் இல்லை. ஆனால் 2025 அக்டோபரில், நெடுங்காலமாக லேபர் வசமிருந்த கேர்ஃபில்லியின் சட்டமன்ற இடைத்தேர்தலில் ப்ளைட் கம்ரி ஜெயித்தது. லேபர் மூன்றாம் இடம்.

● ஒருவருக்குக் கதவு, மற்றவருக்குச் சுவர்

1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி, பெரும்பான்மையோர் விரும்பினால் வட அயர்லாந்து பிரிந்து அயர்லாந்துடன் சேரலாம். சட்டமே அதை ஏற்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படியொரு வழி எழுதப்படவில்லை. லண்டன் சம்மதமின்றிப் பிரிவினை வாக்கெடுப்புக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● கேட்டால் என்ன நடக்கும்?

2012 அக்டோபரில் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும், ஸ்காட்லாந்து பிரிவதா என்ற வாக்கெடுப்புக்காக எடின்பரோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: முடிவு எதுவானாலும் இருதரப்பும் மதிக்கும். 2014 செப்டம்பர் 18 அன்று, 16 வயதினரும் உட்பட 84.6% பேர் ஓட்டுப் போட்டார்கள். பிரிவுக்கு 44.7%, இணைப்புக்கு 55.3%. ஒரு நாட்டின் எதிர்காலம் துப்பாக்கி வெடிக்காமல் வாக்குச்சீட்டில் முடிவானது. அடுத்த ஆண்டே தேசியக் கட்சி 59-ல் 56 இடம் வென்றது. 2024-ல் 57-ல் 9 ஆகச் சரிந்தது. ஆக, ஸ்காட்லாந்து மக்கள் எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாக எழுதிக்கொடுத்துவிடவில்லை. கேப்பல் கெலின் மக்களிடம் சம்மதம் கேட்காததால் வளர்ந்தது கசப்பு. ஸ்காட்லாந்திடம் கேட்டதால் ஒன்றியம் உடையவில்லை. லண்டனில் யார் ஆட்சி அமைத்தாலும் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்: நான்கு நாடுகளும் சேர்ந்திருக்க வேண்டுமானால், பிரிந்துபோகும் உரிமையைப் பற்றியும் பயமின்றிப் பேசியாக வேண்டும்.